கவிழ்த்து வைத்த பெட்டிகள்

கார்த்திகாவை நான் முதலில் பார்த்தபோது, ஜெகதாப்பட்டினத்தில் என் அம்மானுடைய ஐஸ் கம்பெனி முற்றத்தில் நின்று காலி மீன் பெட்டிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடி ஒன்று, குத்தவைத்து ஒன்று, சுற்றுச்சுவர் மேல் ஏறி ஒன்று. கல்யாண வீட்டுப் போட்டோக்காரர்கூட அவ்வளவு அக்கறையாக எடுக்கமாட்டார்.

"எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"முன் படம்க்கா. வேலை முடிஞ்சதும் பின் படம் எடுப்பேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான என்ன மாறியிருக்குன்னு தெரியும்."

"என்ன மாறப் போகுது?"

"எல்லாம்," என்றாள்.

நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தேன். திருமயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் கால் தரிக்கவில்லை. கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அம்மாவின் தம்பி லக்ஷ்மணன் அம்மானுடைய கம்பெனி மாடியறையில் பையைப் போட்டேன். ஒரு நாள் இருந்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் எண்ணம். கிளம்பாமல் போனதற்குக் காரணம் கடல் இல்லை, இந்தப் பெண்.

அவளுக்கு ஆவுடையார்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். கண்மாய் நிறைந்தால் அப்பாவுக்கு நெல், நிறையாவிட்டால் கட்டட வேலை. ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சோற்றுக்கு ஒரு வரிசை, முட்டைக்கு இன்னொரு வரிசை என்று நின்றிருக்கிறார்கள். முட்டை வாங்கப் போவதற்குள் சோறு ஆறிவிடும். இவள் ஒரு நாள் முட்டைத் தட்டைத் தூக்கிச் சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஆயா திட்டித் தீர்த்தார். ஆனால் மறுநாள் ஆயாவே தட்டை அந்த இடத்தில்தான் வைத்தாராம். "அதுதான்க்கா என் மொத புராஜெக்ட்," என்பாள்.

புதுக்கோட்டையில் டிப்ளமோ முடித்தாள். ஜவுளிக்கடையில் சேர்ந்தாள், நிற்க முடியாமல் விட்டாள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். ஒரே துணி ஏன் மூன்று மேஜை சுற்றி மறுபடி முதல் மேஜைக்கே வருகிறது என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள். கேள்வி கேட்கவா சம்பளம் என்றார் அவர். திரும்பி வந்துவிட்டாள். அதன் பிறகு கிடைத்ததுதான் இந்த இடம். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் 'தொழில் பழகுநர் – செயல்முறை மேம்பாடு' என்று போட்டிருந்தது. திருச்சியிலிருந்து கோபிநாத் என்ற பயிற்சியாளர் போனில் வகுப்பெடுப்பார், அவ்வப்போது நேரில் வருவார். மற்ற நேரமெல்லாம் கம்பெனிதான் வகுப்பறை.

ஐஸ் உடைக்கும் கிரஷரை ஓட்டும் ஆத்மநாதன் அந்த அட்டையைப் படித்துவிட்டு முதல் நாளே கேட்டாராம்.

"அப்படின்னா என்ன வேலைத்தா?"

"வேலை எப்படி நடக்குதுன்னு பாக்குற வேலைண்ணே."

"அதைத்தான் மொதலாளி சேர்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரே. ரெண்டு ஆளு எதுக்கு?"

இரண்டு மாதத்துக்குள் ஏதாவது ஒரு மாற்றத்தைச் செய்து காட்ட வேண்டும். கோபிநாத் வந்து பார்ப்பார். முதலாளி 'வைத்துக்கொள்கிறேன்' என்றால் ஒரு வருடப் பயிற்சி, அதன் பிறகு இங்கேயே வேலை. இல்லையென்றால் அன்றோடு சரி. அவள் சேர்ந்ததோ மீன்பிடித் தடைக்காலத்தில். படகுகள் கரையில் கிடந்தன, கம்பெனி தூங்கியது. மாற்றுவதற்கு எதுவும் இல்லாமலே மாதங்கள் ஓடிவிட்டன. கடைசி வாரம். அவளுடைய அம்மா, பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் திருப்பூர் வேன்காரரிடம் பேசி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு இடம் சொல்லி வைத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தது தடைக்காலம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள், படகுகள் முதன்முதலாகக் கடலுக்குப் போகும் நாள். அம்மான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆத்மநாதன் கம்ப்ரசர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. முற்றத்தில் மத்தியானம் வரை இல்லாத குப்பை ஒன்று முளைத்திருந்தது. நீலப் பெட்டி, சிவப்புப் பெட்டி, கைப்பிடி உடைந்த வாளி, டயர், நைந்துபோன ஒற்றை ரப்பர் செருப்பு. கிரஷர் வாயிலிருந்து கேட் வரை கோணல்மாணலாகக் கிடந்தன.

"பாருங்கக்கா, யாரோ கொண்டாந்து கொட்டிட்டுப் போயிருக்காங்க," என்றாள். அவள் கண் மின்னியது. முதல் பாடமே அதுதானாம். வேண்டியது, வேண்டாதது பிரி. வேண்டியதை ஒழுங்கு செய். சுத்தம் செய்.

நானும் பாவாடையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன். எல்லாப் பெட்டிகளையும் ஹோஸ் பிடித்துக் கழுவினோம். தண்ணீர் வடிய வேண்டும் என்று கவிழ்த்து, நீலம் நீலத்தோடு, சிவப்பு சிவப்போடு சுவரோரம் அடுக்கினோம். செருப்பைக் குப்பைச் சாக்கில் போட்டாள். பளிச்சென்று ஆன முற்றத்தைப் பின் படம் எடுத்துத் திருச்சிக்கு அனுப்பினாள். கோபிநாத் உடனே கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினார்.

விடியும் நேரம் ஒரு கூச்சல் கேட்டு எழுந்தேன்.

மாடிப்படியிலிருந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே குட்டி யானை வண்டிகள் தெருவை அடைத்து நின்றன. முற்றம் முழுக்க ஆட்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"என் பொட்டி ரெண்டாவது இருந்துச்சு."

"ஒன் பொட்டி எங்க இருந்துச்சுன்னு நான் பாத்தேன். டயருக்குப் பின்னாடி."

"டயரே என்னுதுய்யா."

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அது குப்பை இல்லை. அது வரிசை. கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு படகுக்காரரும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பெட்டி நிற்கும் இடம்தான் அவர் இடம். காலையில் அந்த வரிசைப்படி வண்டி உள்ளே வரும், கிரஷர் ஐஸ் பாரை உடைத்து வண்டியில் கொட்டும். சண்டை வந்தால் சட்டையைப் பிடிப்பார்கள், அடுத்தவன் பெட்டியை மட்டும் தொடமாட்டார்கள். உலகத்தில் எத்தனையோ வரிசைகளில் நின்றிருக்கிறேன். ஆளே இல்லாமல் இவ்வளவு நாணயமாக நிற்கும் வரிசையைப் பார்த்ததில்லை. அதைத்தான் நாங்கள் கழுவி, நிறவாரியாக அடுக்கியிருந்தோம்.

"யாரு வேலை இது?" என்று கேட்டார் அமராவதி அக்கா. கணவர் போன பிறகு படகைத் தானே நடத்துகிறவர். ஆட்களை நம்பாமல் ஐஸுக்குத் தானே வந்து நிற்பார்.

"நான்தான்," என்றாள் கார்த்திகா. ஒளியவில்லை, முன்னால் வந்து நின்றாள்.

"சுத்தம் பண்ணியாக்கும். வெளங்கிரும். இங்க பாருத்தா, மொதல்ல போற படகுக்குக் கரைக்குப் பக்கத்துலயே மீன் புடிக்க எடம் கெடைக்கும். பிந்திப் போனா எங்க பசங்க மீனைத் தேடி எல்லைக்கு அங்கிட்டுத் தள்ளித் தள்ளிப் போறாய்ங்க. திரும்பிக் கரைக்கு வர்ற வரைக்கும் எனக்கு உசுரு இங்க இல்ல. நீ அடுக்கி வச்சது பொட்டி இல்ல, தெரிஞ்சுக்க."

கார்த்திகா திடீரென்று ஓடிப்போய் ஐஸ் மேடைமேல் ஏறினாள். கையில் போன்.

"முன் படம் இருக்கு," என்று கத்தினாள். "எல்லாரும் கேளுங்க. வரிசை எங்கிட்ட இருக்கு."

படத்தைப் பெரிதாக்கி வாசிக்க ஆரம்பித்தாள். "மொதல்ல ஒத்தச் செருப்பு. ரெண்டாவது நீலப் பொட்டி, அமராவதின்னு எழுதியிருக்கு. மூணாவது கைப்பிடி ஒடைஞ்ச வாளி."

"அந்த வாளிக்குக் கைப்பிடி எப்பவுமே கெடையாது," என்று யாரோ சொல்ல, பின்னால் ஒருவர் சிரித்தார். சிரிப்பு பரவியது. அவள் கூப்பிட்ட ஆள் வந்து, அடுக்கிலிருந்து தன் பெட்டியை உருவி, நிமிர்த்தி, வரிசையில் வைத்தார். அடுத்தவர் வந்தார். இன்னும் வராதவர்களுடைய பெட்டிகள் சுவரோரம் கவிழ்ந்தபடியே கிடந்தன. ஆத்மநாதன் கிரஷரைப் போட்டார்.

வரிசையின் முதல் ஆள் மட்டும் நடுவில்தான் வந்து சேர்ந்தார். வீரய்யா, படகு டிரைவர். கடலுக்குப் போக மீன்துறை ஆபீசில் அனுமதி டோக்கன் வாங்கிவிட்டு நேரே வந்திருந்தார்.

"என் செருப்பு எங்க?"

கார்த்திகா குப்பைச் சாக்குக்குள் கையைவிட்டு எடுத்து, ஹோஸில் கழுவி, இரண்டு கையாலும் நீட்டினாள். அதன் ஜோடி என்றோ கடலோடு போய்விட்டதாம். மிச்சம் இருந்தது வரிசைக்கென்றே வாழ்கிறது.

"என் மூத்தவ பொறந்த வருசத்துலேர்ந்து இது இந்த எடத்துல மொதல்ல நிக்குது," என்றார் வீரய்யா. "மழையில நின்னுருக்கு, புயல்ல நின்னுருக்கு. நீ ஒருத்திதான் அதைச் சாக்குல போட்டவ."

மத்தியானம் அம்மான் வரும்போதே எல்லாக் கதையும் அவர் காதுக்குப் போயிருந்தது. அவர் கோபப்பட்டுப் பேசுகிறவர் இல்லை. மெதுவாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது.

"காலையில நாலு பேர் போன் பண்ணிட்டாங்க, கார்த்திகா. கோட்டைப்பட்டினத்துல ஐஸ் வாங்கிக்கிறோம்ங்கிறாங்க. சனிக்கிழமை அந்தத் திருச்சி சார் வாராரு. அன்னைக்கு இந்த முற்றம் சத்தமில்லாம ஓடணும். நீ என்ன செஞ்சு காட்டுவியோ தெரியாது. இல்லேன்னா அவர்கூடவே ஒன்னையும் அனுப்பிருவேன். தப்பா எடுத்துக்காதம்மா."

"சரிங்க சார்."

அவர் மேஜைமேல் இன்னொரு கிரஷருக்கான விளம்பரப் புத்தகம் கிடந்தது. கடலுக்குப் போகும் நாளெல்லாம் நேரம் இழுக்கிறது, ஒரு மெஷின் போதாது என்பது அவர் முடிவு.

சாயங்காலம் அவள் முற்றத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா போனில் வேன் விஷயம் பேசிவிட்டு அப்போதுதான் வைத்திருந்தார். அழுவாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அவள் எழுந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அக்கா, இன்னைக்குக் காலையில அவ்வளவு ரகளை நடந்துச்சுல்ல?"

"நடந்துச்சு."

"அவ்வளவு நேரம் கிரஷர் ஓடவே இல்ல. ஆனாலும் வெயில் ஏறுறதுக்குள்ள கடைசி வண்டி போயிருச்சு. ஆத்மநாதண்ணன்கிட்ட கேட்டேன். மத்த நாள்ல இதைவிட லேட்டாகும்கிறாரு. ரகளை நடந்த நாள் எப்படிக்கா சீக்கிரம் முடியும்?"

பதில் அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி கிடைத்ததில் அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. திருவிழாவில் ராட்டினம் கிளம்பும் முன் குழந்தை முகம் இருக்குமே, அப்படி இருந்தது.

புதன்கிழமை, அடுத்த கடல் நாள். அன்று அவள் எதையும் தொடவில்லை. பழைய வழக்கப்படியே வரிசை நின்றது. நாங்கள் இருவரும் சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்து கிரஷரை மட்டும் பார்த்தோம்.

கிரஷர் ஓடியது, நின்றது. முதலில் நின்ற செருப்புக்காரர் வரவில்லை. ஆத்மநாதன் பீடி பற்றவைத்தார். உடைக்க எடுத்த ஐஸ் பார் மேடையில் கிடந்து சொட்டியது. பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன. வீரய்யா டோக்கனோடு வந்தார், கிரஷர் ஓடியது. ஐந்தாவது பெட்டிக்கு ஆள் இல்லை, மறுபடி நின்றது. டயர்க்காரர் வண்டிக்கு டீசல் போடப் போயிருந்தார், மறுபடி நின்றது. கார்த்திகா என் முழங்கையைக் கிள்ளினாள். கிள்ளல் ஒவ்வொரு தடவையும் பலமாகிக்கொண்டே போனது.

கீழே குதித்து ஆத்மநாதனிடம் ஓடினாள்.

"அண்ணே, ஆள் இல்லேன்னா அடுத்த வண்டிக்குக் குடுக்க வேண்டியதுதான?"

"குடுக்கலாம். அப்புறம் நாளைக்கு நான் இந்த ஊர்ல நடக்க முடியாது. பொட்டி முன்னாடி நிக்குதுல்ல? அதைத் தாண்டி எப்படித்தா குடுப்பேன்?"

"அப்ப திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமைதான் நீ வரிசையையே காணாமப் பண்ணிட்டியே. வந்தவன் மட்டும் பொட்டியை நிமித்தி வச்சான், வாங்கிட்டுப் போனான். வராதவன் பொட்டி கவுந்து கெடந்துச்சு."

சொல்லிவிட்டு ஆத்மநாதன் நிறுத்தினார். பீடியை வாயிலிருந்து எடுத்தார். கார்த்திகா அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவரும் பாதி குதித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

மெஷின் மெதுவாக இல்லை. மெஷின் காத்துக்கொண்டு நின்றது. இன்னொரு மெஷின் வாங்கினால் இரண்டும் சேர்ந்து காத்துக்கொண்டு நிற்கும்.

வியாழக்கிழமை படகுகள் கரைக்குத் திரும்பியதும் அவள் என்னையும் இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். மீன் தரம் பிரிக்கும் இடத்தில், நண்டும் கணவாயும் குவிந்து கிடந்த நடுவில், ஒரு காலிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு படகுக்காரர்களிடம் சொன்னாள்.

"வரிசை மாறாது. வெள்ளிக்கிழமை பொட்டியைக் கொண்டாந்து வைங்க, ஆனா கவுத்து வைங்க. சனிக்கிழமை வண்டியோட வந்ததும் ஒங்க பொட்டியை நீங்களே நிமித்துங்க. ஆத்மநாதண்ணன் நிமிந்து இருக்கிறதுல எது முன்னாடி இருக்கோ அதுக்குக் குடுப்பாரு. பிந்தி வந்தாலும் ஒங்க எடம் போகாது. வந்து நிமித்துனதும் அடுத்தது நீங்கதான்."

"என் பொட்டி கவுந்திருக்கும்போது எவனாவது நிமித்துனா?" என்றார் ஒருவர்.

"இத்தனை வருசமா எவனாவது தொட்டிருக்கானா?" என்றார் அமராவதி அக்கா. அவருக்குப் பிடித்துப் போயிருந்தது. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

வீரய்யா மட்டும் வலையை உதறிக்கொண்டே, "செருப்பைக் கவுத்து வச்சா வீட்ல சண்டை வரும்," என்றார்.

"ஒன் வீட்ல சண்டை வாரதுக்குச் செருப்பு வேற கவுக்கணுமாக்கும்," என்றார் அமராவதி அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். வீரய்யா சிரிக்கவில்லை.

"நீங்க ஒரு பொட்டி வச்சுருங்கண்ணே," என்றாள் கார்த்திகா.

"பாப்போம்," என்றார். அந்தப் 'பாப்போம்' எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் பெட்டிகள் வந்தன. எல்லாம் கவிழ்ந்து, கோணல்மாணலாக, அவரவர் இடத்தில். வாளிகூடக் கவிழ்ந்திருந்தது. டயர்க்காரர் டயருக்கு எது மேல்பக்கம் எது கீழ்ப்பக்கம் என்று தெரியாமல், வீட்டிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்துவிட்டார். வரிசையின் தலையில், கிரஷர் வாய்க்கு நேர் எதிரில், ஒற்றைச் செருப்பு. நிமிர்ந்தபடி.

"வேணும்னே வச்சிருக்காரு," என்றேன்.

கார்த்திகா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதை நான் தொடவே கூடாதுக்கா," என்றாள். "ஒரு தடவை தொட்டதே போதும்."

சனிக்கிழமை கோபிநாத் திருச்சியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, அம்மானோடு ஆபீஸ் வாசலில் நின்றார். கட்டைவிரல் பொம்மை அனுப்பிய ஆள் எப்படி இருப்பாரோ என்று நினைத்திருந்தேன். பாவம், நல்ல மனிதர். "அந்தப் படத்தைப் பாத்துட்டு நானும் ஏமாந்துட்டேன்மா," என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அமராவதி அக்காவின் வண்டி முதலில் வந்தது. அவர் தன் நீலப் பெட்டியை நிமிர்த்தினார். ஆத்மநாதன் கிரஷரைப் போட்டார். உடனே அணைத்தார்.

"கார்த்திகா," என்று கூப்பிட்டார். "செருப்பு நிமிந்து இருக்கு. ஆள் இல்ல. நீ சொன்ன சட்டப்படி அவர்தான் மொதல்ல. நான் என்ன செய்யட்டும்?"

பின்னால் வந்து சேர்ந்தவர்கள் பெட்டியை நிமிர்த்தாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இங்கே செருப்புக்காகக் கிரஷர் நின்றால் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதும் வெறும் விளையாட்டு. மதியத்துக்குள் ஊர் பழைய வழிக்குப் போய்விடும். செருப்பை அவள் புரட்டினால் வீரய்யா சும்மா இருக்கமாட்டார், கரையே அவர் பக்கம் நிற்கும்.

"நான் வேணா அடுத்த வண்டியோட நின்னுக்கிறேன்," என்றார் அமராவதி அக்கா, குரலைத் தாழ்த்தி. "அவரைத் தாண்டி வாங்குனேன்னு பேச்சு வரும்."

அம்மான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் முடிவு சொல்லப் போகிறார் என்று எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

கார்த்திகா சுவரோரம் போனாள். ஒரு காலிப் பெட்டியை எடுத்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் அவள் உட்கார்ந்திருந்த பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு வரிசையின் தலைக்கு வந்து, செருப்பைத் தொடாமல், நகர்த்தாமல், அதன்மேல் அந்தப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"இப்ப அவர் எடத்துல ஒரு பொட்டி கவுந்து இருக்கு," என்றாள். "செருப்பைக் கவுக்கல. அது பாட்டுக்கு உள்ள நிக்குது. குடுங்கண்ணே, அக்காவுக்கு."

ஆத்மநாதன் விசையைத் தட்டினார். கிரஷர் அலறியது. ஐஸ் வெள்ளையாகப் பாய்ந்து அமராவதி அக்காவின் வண்டியில் விழுந்தது. சட் சட்டென்று பின்னால் பெட்டிகள் நிமிர்ந்தன. ஒரு வண்டி வெளியே போகும்போதே அடுத்தது பின்பக்கமாக உள்ளே வந்தது. கிரஷர் நிற்கவில்லை. ஆத்மநாதனுக்குப் பீடி எடுக்க நேரம் கிடைக்கவில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கவிழ்ந்த பெட்டிகளைச் சுற்றி வண்டிகள் வளைந்து வளைந்து போனதை இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது.

அப்போதுதான் வீரய்யா வந்தார். சட்டைப் பையில் டோக்கன். நேரே தன் இடத்துக்குப் போனார். செருப்பைக் காணவில்லை. கார்த்திகாவை ஒரு பார்வை பார்த்தார்.

"மறுபடியுமா?"

"உள்ள இருக்குண்ணே," என்றாள்.

அவர் குனிந்து பெட்டியைத் தூக்கினார். அடியில் செருப்பு, வைத்த இடத்தில், வைத்தபடியே. தூக்கிய பெட்டி கையில், எதிரே கிரஷர், பின்னால் வேடிக்கை பார்க்கும் ஊர். ஆத்மநாதன் நடந்துகொண்டிருந்த வண்டியை முடித்துவிட்டு, "வீரய்யா, வண்டியைப் போடு, அடுத்தது நீதான்," என்று சாதாரணமாகச் சொன்னார்.

வந்த உடனே அடுத்தது அவர்தான். அவள் வியாழக்கிழமை சொன்னது அதே வார்த்தைதான். ஆனால் கேட்பது வேறு, நடப்பது வேறு. வீரய்யா பெட்டியை நிமிர்த்திக் கீழே வைத்து, செருப்பை எடுத்து அதற்குள் போட்டார்.

"செருப்பைக் குடிவச்சுட்டீகளோ," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வெயில் படாம இருக்கட்டும்," என்றார் வீரய்யா. "பொட்டி கம்பெனிதுதான? நான் எடுத்துக்கிறேன்."

அன்று வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்னால் கடைசி வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது. அம்மான் வெளியே வந்து முற்றத்தையும் மேடையையும் பார்த்தார். மேடையில் உருகிக் கிடக்கும் பார் ஒன்றுகூட இல்லை. கோபிநாத்தை அழைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கார்த்திகா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். கூடவே போன் அடித்தது, அவளுடைய அம்மா. எடுக்கவில்லை. "என்னன்னு சொல்றதுக்கா? இன்னும் தெரியலையே," என்றாள்.

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. ஆத்மநாதன் கழுவ வேண்டாத இடத்தையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தார். கடைசியாக ஜன்னல் திறந்தது. அம்மான் அவரைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். ஆத்மநாதன் திரும்பி எங்களை நோக்கி வந்தார். முகத்தில் எதையும் காட்டவில்லை, கெட்டிக்காரர்.

"எந்திரித்தா," என்றார். "ஒன் பொட்டியை நிமித்து. கூப்பிடுறாரு."

அவள் எழுந்தாள். குனிந்து, உட்கார்ந்திருந்த பெட்டியை நிஜமாகவே நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள். நானும் வாசல் வரை போனேன். மேஜைமேல் கிரஷர் விளம்பரப் புத்தகம் இல்லை, காலடிக் குப்பைக் கூடையில் கிடந்தது.

"திருச்சி சார் கையெழுத்துப் போட்டுட்டாரு, நானும் போட்டுட்டேன்," என்றார் அம்மான். "வருசம் முழுக்க இங்கதான் இருக்கப் போற. அதுல மாத்தம் இல்ல. ஆனா ஒண்ணு, கார்த்திகா. முற்றம் சரியாயிருச்சு. இப்பப் பூரா வண்டியும் கேட்டுல வந்து முட்டிக்கிட்டு நிக்குது. போற வண்டி வெளிய போக முடியல. அதைக் கவனிச்சியா?"

"கவனிச்சேன் சார்."

"என்ன செய்யலாம்?"

"இன்னும் தெரியல சார்," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் திங்கட்கிழமை சாயங்காலம் பார்த்த அதே ராட்டின முகம்.

வெளியே வந்தவள் முதலில் அம்மாவுக்குப் போன் போட்டாள். "வேன் வேணாம்மா. இடத்தை வேற யாருக்காவது குடுத்துரச் சொல்லு. அப்புறம் பேசுறேன், வேலை இருக்கு." அவ்வளவுதான் பேசினாள்.

பிறகு கேட்டுக்குப் போனாள். வெளியே நின்று ஒன்று, உள்ளே குத்தவைத்து ஒன்று, சுற்றுச்சுவர் மேல் ஏறி ஒன்று என்று எதையும் தொடாமல், நகர்த்தாமல், முன் படம் எடுக்க ஆரம்பித்தாள்.